விற்பவரின் வல்லுநர் கொடுத்த சான்றை நம்பி இடம் வாங்கலாமா?

வாசகி எழுதியது

நியூ ஜெர்சி மாநிலம் மிடில்செக்ஸ் கவுண்டியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். அவரும் கணவரும் பல ஆண்டுச் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, மூன்று கடைகள் ஒட்டினாற்போல் அமைந்த ஒரு தரைத்தளக் கட்டடத்தை வாங்க ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். வார நாட்களில் குழந்தைகள் காப்பகமும் வார இறுதியில் தமிழ் வகுப்புகளும் நடத்துவது அவர்கள் எண்ணம். முன்பணம், விற்பனை முடியும்வரை மூன்றாமவர் பொறுப்பில் நிற்கும் எஸ்க்ரோ கணக்கில் இருக்கிறது. இடத்தைப் பற்றி விசாரித்துப் பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ள ஒப்பந்தம் தந்த காலத்தில் இன்னும் 30 நாட்கள் மீதமுள்ளன.

நடுக்கடையில் 2003 வரை டிரை கிளீனிங் கடை நடந்தது என்பது அவர்களுக்கு அண்மையில்தான் தெரியவந்திருக்கிறது. விற்பவரைக் கேட்டபோது, மாசுபட்ட நிலத்தைச் சுத்தப்படுத்தும் பணியை மேற்பார்க்க உரிமம் பெற்ற தள மீட்பு வல்லுநர், அதாவது எல்எஸ்ஆர்பி ஒருவர், 2014இல் வழங்கிய சான்றைக் காட்டி, “அரசாங்க கிளியரன்ஸ் இருக்கிறது, பயப்படாதீர்கள்” என்றிருக்கிறார். விலையைக் கொஞ்சம் குறைத்து, பின்னால் ஏதாவது வந்தால் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதித் தரவும் முன்வந்திருக்கிறார். இடத்தின் பழைய வரலாற்றைப் பார்த்து மாசு இருக்க வாய்ப்புண்டா என்று சொல்லும், வங்கி கேட்கும் பேஸ் ஒன் அறிக்கை ஒன்றே போதும் என்கிறார் தரகர். எல்எல்சி, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம் ஒன்றின் பெயரில் வாங்கினால் சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லை என்கிறார் ஒரு நண்பர். வாசகியின் கேள்விகள் மூன்று. விற்பவரே கூலி கொடுத்து அமர்த்திய ஒருவரின் சான்று, திருடன் கையில் சாவி கொடுத்த கதை ஆகாதா? அரசு அதிகாரி ஒருவரை வரவழைத்துச் சோதிக்கச் சொல்ல முடியுமா? நாங்கள் எந்த மாசும் செய்யாதபோது எங்கள் தலையில் எப்படிப் பொறுப்பு விழும்?

என் பதில்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் இணைத்தனுப்பிய சான்றின் முதல் இரண்டு பக்கங்களையும் படித்தேன். அதைக் கொடுத்தவர் நேர்மையானவரா என்பதுதான் உங்கள் கடிதம் முழுவதும் ஓடும் கவலை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. அவர் முழு நேர்மையோடு எழுதியிருந்தாலும், நீங்கள் கேட்கும் கேள்விக்கு அந்தத் தாளில் விடையில்லை. ஒப்பந்தத்தை இன்றே முறித்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாளை நம்பி ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கட்ட வேண்டாம்.

அந்தச் சான்று எதைப் பற்றியது

மீட்புப் பணி முடிந்ததென எல்எஸ்ஆர்பி வழங்கும் இறுதிச் சான்றை இங்கே ஆர்ஏஓ என்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று இடம் முழுமைக்கும் உரியது. மற்றொன்று, இடத்துக்குள் ஐயத்துக்குரியதாக அடையாளம் காணப்பட்ட ஒரு பகுதிக்கு மட்டும் உரியது. உங்களிடம் இருப்பது இரண்டாவது வகை. கட்டடத்தின் பின்புறம் புதைந்திருந்து தோண்டியெடுக்கப்பட்ட 3,000 கேலன் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டியைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது என்று முதல் பக்கத்தின் பொருள் வரியிலேயே எழுதியிருக்கிறது. நடுக்கடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எண்ணெய்த் தொட்டிக்காக எடுத்த மண் மாதிரிகளில் எண்ணெய்சார் சேர்மங்களைத்தான் தேடியிருப்பார்கள். டிரை கிளீனிங் கரைப்பானைத் தேடியிருக்க மாட்டார்கள். தேடாத பொருள் ஆய்வக அறிக்கையில் வராது. ஆகவே சான்றில் உள்ள “வரம்பு மீறிய மாசு இல்லை” என்ற வரி உண்மையாகவும் இருக்கலாம், நடுக்கடையின் தரைக்கடியில் மாசும் இருக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

டிரை கிளீனிங் கடைகளில் பல்லாண்டுகள் பயன்பட்ட, பெர்க் எனப்படும் பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் நீரைவிடக் கனமானது. கான்கிரீட் தரையின் வெடிப்புகள், வடிகால் குழாய் இணைப்புகள் வழியாக இறங்கி, நிலத்தடி நீருக்குள்ளும் அடியாழம் நோக்கிப் போகும். அங்கிருந்து ஆவியாக மேலெழுந்து, மேலே உள்ள கட்டடத்தின் அறைக்காற்றில் கலக்கும். குடிநீரில் அதற்குக் கூட்டாட்சி அரசு வைத்த வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். நியூ ஜெர்சி வைத்தது 1 மைக்ரோகிராம். கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை 2024 டிசம்பரில் வெளியிட்ட விதி, டிரை கிளீனிங்கில் பெர்க்கை 10 ஆண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்தச் சொல்கிறது. கடை மூடி இருபதாண்டுக்கு மேலாகிவிட்டதே என்ற ஆறுதலும் வேண்டாம். இந்தப் பொருள் மண்ணுக்கடியில் அவ்வளவு எளிதில் சிதைவதில்லை.

இத்தனை காலம் யாரும் ஏன் சோதிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தொழிற்சாலைகள் கைமாறும்போது ஆய்வைக் கட்டாயமாக்கும் 1993ஆம் ஆண்டின் தொழிற்தள மீட்புச் சட்டம் குறிப்பிட்ட தொழில் வகைகளுக்கே பொருந்தும். தெருவோர டிரை கிளீனிங் கடைகள் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே கடை மூடியபோதும் சரி, கட்டடம் கைமாறும்போதும் சரி, அந்தச் சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது.

விற்பவர் பணம் கொடுக்கும் வல்லுநரை நம்பலாமா

திருடன் கையில் சாவி என்ற உங்கள் உவமை முழுக்கப் பொருந்தாது. முழுக்கத் தவறும் அல்ல. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரிந்தால் எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்பது பிடிபடும்.

முன்பெல்லாம் நியூ ஜெர்சியில் ஒவ்வொரு தளத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையான டிஇபியின் அலுவலர் ஒப்புதல் தர வேண்டும். திட்டம் அனுப்பினால் பதில் வர மாதங்கள் ஆகும், சில வேளை ஆண்டுகளே ஆகும். இறுதியில் சுமார் 20,000 தளங்களின் கோப்புகள் தேங்கின. அந்தத் தேக்கத்தில் எது ஆபத்தானது, எது சாதாரணமானது என்று பிரித்துப் பார்க்கவே துறையால் முடியவில்லை. 2006 ஜூலையில் பிராங்க்ளின்வில்லில் கிடி காலேஜ் என்ற குழந்தைகள் காப்பகம் மூடப்பட்டது. அது நடந்துவந்த கட்டடம் முன்பு வெப்பமானி தயாரித்த ஆலை. உள்ளே பாதரச ஆவி இருந்தது. அரசின் பட்டியலில் ஏற்கெனவே இருந்த தளம்தான் அது. கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் கதையைத் தொடர்ந்து படித்த நம்மவர்களுக்கு, அந்தச் செய்தி என்ன அதிர்ச்சியைத் தந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாசசூசெட்ஸ் 1993லும் கனெடிகட் 1995லும் உரிமம் பெற்ற தனியார் வல்லுநர்களிடம் இந்தப் பணியை ஒப்படைக்கத் தொடங்கியிருந்தன. நியூ ஜெர்சி 2009 மே 7 அன்று, ஆளுநர் ஜான் கோர்சைன் கையொப்பமிட்ட தள மீட்புச் சீர்திருத்தச் சட்டத்தின் மூலம் அதே வழிக்கு வந்தது. 2012 மே மாதத்துக்குப் பிறகு, சில விலக்குகள் தவிர, எல்லாத் தளங்களும் எல்எஸ்ஆர்பி வழியாகவே நடக்கின்றன. துறையின் முன் ஒப்புதலுக்காகக் காத்திராமல் வல்லுநரே தீர்மானித்துப் பணியை முடித்து ஆர்ஏஓ வழங்கலாம். (வீட்டுக்கடியில் எண்ணெய்த் தொட்டி வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம்: வீடுகளின் தொட்டிகளுக்கு எல்எஸ்ஆர்பி தேவையில்லை, அங்கே இறுதிக் கடிதம் இன்றும் டிஇபியிடமிருந்தே வருகிறது.)

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை: அரசு அதிகாரி ஒருவர் வந்து இடத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்ற எதிர்பார்ப்பு, இந்த வகைத் தளத்தில், பழைய காலத்துக்குரியது. “அரசாங்க கிளியரன்ஸ்” என்று விற்பவர் சொன்னதும் அதே காரணத்தால் பிழை. அந்தத் தாளில் இருப்பது தனியார் வல்லுநர் ஒருவரின் கையொப்பம். ஆனால் சட்டத்தின் பார்வையில் அது வெறும் தனியார் கடிதமும் அல்ல. ஆர்ஏஓ வழங்கப்பட்டதும், அது பேசும் பகுதிக்கு அரசு வழக்குத் தொடராது என்ற உறுதி சட்டப்படியே உண்டாகிவிடுகிறது. விதித்த கடமைகளை நிறைவேற்றும்வரை பின்னால் வாங்குபவருக்கும் அந்தப் பாதுகாப்பு வந்து சேரும். உங்கள் விஷயத்தில் அந்தப் பாதுகாப்பு எண்ணெய்த் தொட்டி இருந்த குழியோடு நின்றுவிடுகிறது.

நம்பகத்தன்மைக்கு வருவோம். எல்எஸ்ஆர்பி ஆவதற்குப் பட்டப்படிப்போடு தள மீட்பில் 8 ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும். அதில் 5 ஆண்டுகள் நியூ ஜெர்சியிலேயே கழிந்திருக்க வேண்டும். தேர்விலும் தேற வேண்டும். மீட்புப் பொறுப்புள்ள நிறுவனத்தின் சம்பளக்காரராக அவர் இருக்கக் கூடாது. பொதுமக்கள் நலனையும் சுற்றுச்சூழலையும் காப்பதே அவருடைய முதற்கடமை என்று சட்டம் சொல்கிறது. பணம் கொடுப்பவரின் விருப்பம் அதற்குப் பின்தான். மக்களுக்கு உடனடி ஆபத்து என்று கருதும் நிலையைக் கண்டால், வாடிக்கையாளர் தடுத்தாலும் அவர் டிஇபிக்குத் தெரிவித்தாக வேண்டும். 13 பேர் கொண்ட உரிம வாரியம் ஆண்டுதோறும் உரிமம் பெற்றவர்களில் குறைந்தது 10 விழுக்காட்டினரின் பணியைத் தணிக்கை செய்கிறது. டிஇபி ஒரு ஆர்ஏஓவைப் பதிவான 3 ஆண்டுகளுக்குள் தணிக்கை செய்து செல்லாததாக்கலாம். அதன் பிறகும், அதுவரை தெரியாதிருந்த மாசு கண்டுபிடிக்கப்பட்டாலோ, அந்த வல்லுநர் மீது வாரியம் விசாரணை நடத்தினாலோ, மீண்டும் திறக்கலாம்.

இவ்வளவு கட்டுப்பாடுகள் இருப்பதால், துணிந்து பொய் எழுதி உரிமத்தை இழக்கத் தயாராகும் வல்லுநர்கள் அரிது என்பது என் கணிப்பு. இந்தச் சீர்திருத்தம் வேலையை நகர்த்தியது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. இதன் பலவீனம் பொய்யில் இல்லை, எல்லை வகுப்பதில் இருக்கிறது. எந்தப் பகுதியை ஆராய வேண்டும் என்று முடிவு செய்து கூலி கொடுப்பவர் உரிமையாளர். “தொட்டியை மட்டும் பாருங்கள்” என்று அமர்த்தப்பட்டவர் தொட்டியை மட்டும் பார்த்து, ஒழுங்காகவே எழுதிக்கொடுப்பார். முன்பு துறையின் கோப்பாளர் ஒருவர் கேட்டிருக்கக்கூடிய “அந்த டிரை கிளீனிங் கடை என்ன ஆயிற்று?” என்ற கேள்வியைக் கேட்கும் பொறுப்பு, இப்போது வாங்குபவரிடம் வந்துவிட்டது. சீர்திருத்தத்தைப் பாராட்டுபவர்களும் எதிர்ப்பவர்களும் இதைப் போதுமான அளவு சொல்வதில்லை.

மாசு செய்யாதவர் மீது பொறுப்பு விழுமா

விழும். இந்த ஒன்றில் உங்கள் எண்ணத்தைத் தெளிவாகவே திருத்த விரும்புகிறேன். 1976இல் இயற்றப்பட்ட, ஸ்பில் சட்டம் என்று அனைவரும் அழைக்கும் சட்டப்படி, 1993 செப்டம்பர் 14க்குப் பிறகு ஓர் இடத்தை வாங்குபவர், அங்கே மாசு கசிந்திருந்ததை அறிந்திருந்தாலோ அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தாலோ, தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் முழுச் செலவுக்கும் பொறுப்பாவார். மாசு செய்தவரோடு கூட்டாகவும், தனியாகவும். பழைய கடைக்காரர் கிடைக்கவில்லை, கையில் பணமில்லை என்றால் மொத்தமும் உங்கள் பக்கம் திரும்பும்.

“அறியாமல் வாங்கியவர்” என்ற தற்காப்பு உண்டு. ஆனால் அதைப் பெற, வாங்கும் முன்பே டிஇபியின் தொழில்நுட்ப விதிகளின்படி முதற்கட்ட மதிப்பீடும், அது ஐயத்தைக் காட்டினால் மாதிரி எடுத்துச் செய்யும் தள ஆய்வும் நடத்தியிருக்க வேண்டும். மாசு வெளிப்பட்டவுடன் துறைக்கு அறிவித்திருக்கவும் வேண்டும். இங்கேதான் தரகரின் பேச்சு உங்களைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. பேஸ் ஒன் அறிக்கை கூட்டாட்சிச் சட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டது. வங்கிக்கு அது போதும், கூட்டாட்சித் தற்காப்புக்கும் உதவும். நியூ ஜெர்சியின் தற்காப்புக்கு அது மட்டும் போதாது. இரண்டையும் ஒரே ஆய்வாளர் ஒரே வேளையில் செய்து தர முடியும், கேட்டால்தான் செய்வார்கள்.

இதைவிடக் கடினமான செய்தி ஒன்று இருக்கிறது. நடுக்கடையின் வரலாறு உங்களுக்கு இப்போது தெரியும். தள ஆய்வில் பெர்க் கிடைத்து, அதன் பிறகும் நீங்கள் வாங்கினால், அறிந்தே வாங்கியவர் ஆகிவிடுவீர்கள். அறிந்து வாங்குபவருக்குக் கூட்டாட்சிச் சட்டம் 2002 முதல் சில நிபந்தனைகளோடு தருகிற பாதுகாப்பை, இந்த மாநிலத்திலும் அப்படியே கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படியானால் எதற்கு ஆய்வு என்று தோன்றும். விலகுவதா, விலையை மாற்றுவதா, விற்பவரையே மீட்டுத் தரச் சொல்வதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் கையில் இருக்கும்போதே உண்மை தெரிய வேண்டும் என்பதற்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் தற்காப்பும் இல்லை, தேர்வும் இல்லை.

பின்னால் பழைய கடைக்காரர் மீது வழக்குப் போட்டு வாங்கிவிடலாம் என்ற நினைப்புக்கு இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன். ஒன்று உங்களுக்கு ஆதரவானது. மோரிஸ்டவுன் அசோசியேட்ஸ் வழக்கில், அதுவும் ஒரு வணிக வளாகத்தில் இருந்த டிரை கிளீனிங் கடையின் எண்ணெய்த் தொட்டி தொடர்பானதுதான், செலவைப் பங்கிடக் கேட்கும் ஸ்பில் சட்ட வழக்குகளுக்குக் கால வரம்பு இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. மற்றொன்று எச்சரிக்கை. உங்கள் பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் பவுண்ட் புரூக் ஊரின் நிலத்தடி நீரில் பெர்க் கலந்தது பற்றிய டிமண்ட் வழக்கு. ஒரு சலவைக் கடையின் வெளிக்குழாயிலிருந்து பெர்க் சொட்டியதை அரசு அலுவலர்களே 1988இல் பார்த்திருந்தார்கள். ஆனாலும் அந்தச் சொட்டுக்கும் நிலத்தடி நீரின் மாசுக்கும் நியாயமான தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2012இல் அரசே தோற்றது. கால வரம்பு இல்லை என்பதால் நிரூபிக்க வேண்டிய சுமை குறைந்துவிடவில்லை.

எல்எல்சி, விலைக் குறைப்பு, விற்பவரின் உறுதி

எல்எல்சி பெயரில் வாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் நண்பர் நினைக்கும் அளவுக்கு அல்ல. இடத்தின் உரிமையாளராகப் பொறுப்பேற்பது அந்த நிறுவனம். உங்கள் வீடும் சேமிப்பும் பொதுவாகத் தப்பும். ஆனால் சிறு வணிகக் கடன்களில் வங்கி உங்கள் இருவரிடமும் தனிப்பட்ட உத்தரவாதமும், சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஒப்பந்தமும் கையெழுத்து வாங்குவது வழக்கம். அதில் கையெழுத்திட்ட கணமே, எல்எல்சி போட்ட வேலியை நீங்களே திறந்துவிட்டீர்கள். கடன் ஆவணங்களின் வரைவை இப்போதே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

விற்பவர் குறைத்த விலை ஆய்வில் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் குறைத்தது. அல்லது தெரிந்தே குறைத்தது. எப்படியும், அளவிடப்படாத செலவுக்கு ஈடாக அதை ஏற்க வேண்டாம். கரைப்பான் நிலத்தடி நீரை எட்டியிருந்தால் கண்காணிப்பே பல ஆண்டுகள் நீளும். அது எல்லை தாண்டிப் பக்கத்து இடத்துக்குள் போயிருந்தால் அதற்கும் ஆய்வு தேவை: மாசுபட்ட நிலத்தடி நீரிலிருந்து 100 அடிக்குள் இருக்கும் கட்டடங்களில் ஆவி ஊடுருவல் பார்க்கப்பட வேண்டும். பெட்ரோலிய மாசுக்கு இந்தத் தூரம் 30 அடிதான் என்பதிலிருந்தே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

பின்னால் ஏதாவது வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற அவருடைய எழுத்து உறுதிமொழி, அவரிடம் பணம் இருக்கும்வரைதான் மதிப்புள்ளது. கட்டடத்தை விற்றுவிட்டு வேறு மாநிலத்தில் ஓய்வெடுக்கப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே உறுதிமொழியோடு விலையின் ஒரு பகுதி, இடம் முழுமைக்குமான ஆர்ஏஓ வரும்வரை எஸ்க்ரோவில் நிற்க வேண்டும். பழைய கடைக்காரரின், கட்டட உரிமையாளரின் 1986க்கு முந்தைய பொறுப்புக் காப்பீட்டு ஆவணங்கள் எங்காவது கிடைக்குமா என்றும் விற்பவரைத் தேடச் சொல்லுங்கள். மாசை முற்றாக விலக்கும் விதி அந்த ஆண்டிலிருந்துதான் அவற்றில் பரவலாக வந்தது. கடை அதற்கு முன்பே தொடங்கியிருந்தால், மங்கிய ஒரு பாலிசித் தாள் விற்பவரின் சொல்லைவிட அதிக மதிப்புப் பெறலாம்.

குழந்தைகள் காப்பகம் என்பதால்

நீங்கள் அங்கே மளிகைக் கடை வைப்பதாக இருந்தால் இந்தக் கடிதம் இங்கே முடிந்திருக்கும். கிடி காலேஜுக்குப் பிறகு 2007இல் வந்த சட்டம், குழந்தைகள் காப்பகத்துக்கான இடங்களைத் தனியாகப் பார்க்கிறது. காப்பக உரிமம் கேட்கும்போது, இடத்தின் சுற்றுச்சூழல் நிலை பற்றிய இறுதிச் சான்றை நீங்கள் காட்ட வேண்டும். தொட்டிக்கு மட்டுமான உங்கள் ஆர்ஏஓ அதற்கு உதவாது. டிரை கிளீனிங் கடை இருந்த கட்டடம் என்பதால், உள்ளரங்கக் காற்று பாதுகாப்பானது என்ற மதிப்பீடும் சுகாதாரத் துறையின் சான்றும் தேவைப்படும் வகைக்குள் நீங்கள் வருகிறீர்கள். அதாவது இடத்தை வாங்கி, கடன் தவணை கட்டத் தொடங்கி, உரிமம் மட்டும் கிடைக்காமல் நிற்கும் நிலை உங்களுக்கு உண்மையிலேயே வரக்கூடும். வார இறுதி வகுப்புகளுக்கு அந்த உரிமம் தேவையில்லாமல் போகலாம். ஆனால் அங்கே வரும் குழந்தைகளின் மூச்சுக்காற்று ஒன்றுதான்.

அரசு இன்னும் நேரடியாகத் தலையிடும் சில இடங்களில் இதுவும் ஒன்று. வீடு, பள்ளி, காப்பகம் போன்றவற்றுக்காக இடத்தின் பயன்பாடு மாறும்போது, எல்எஸ்ஆர்பி தன் விருப்பப்படி எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. மாசை முழுமையாக அகற்ற வேண்டும், அல்லது துறை முன்கூட்டியே வரையறுத்த தீர்வுகளில் ஒன்றைப் பின்பற்ற வேண்டும். வேறு வழி வேண்டுமானால் துறையின் ஒப்புதல் வேண்டும். மாசில் ஒரு பகுதியை இடத்திலேயே விட்டு மூடிவைக்கும் தீர்வானால், பத்திரத்தில் அறிவிப்பு பதிவாகும். அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதென்று சான்றளித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கடமைகள் உரிமையாளரோடு நகரும். உங்களுக்குப் பிறகு வாங்குபவரும் இவற்றைப் பார்த்துத்தான் விலை பேசுவார்.

இந்த 30 நாட்களில்

முதலில், பணச் செலவில்லாத வேலை. டிஇபியின் டேட்டாமைனர் இணையதளத்தில் அந்த முகவரியைத் தேடுங்கள். வழக்கு எண், பதிவான ஆவணங்களின் பட்டியல், நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பகுதி ஏதும் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பவை தெரியவரும். முழுக் கோப்பை, பொது ஆவணச் சட்டமான ஓப்ராவின் கீழ் விண்ணப்பித்துப் பெறலாம். பக்கத்து இடங்களையும் தேடுங்கள். எதிர்ப்புறத்துப் பெட்ரோல் நிலையத்தின் கசிவு உங்கள் இடத்துக்கடியில் வந்திருக்கலாம். 2014இல் கையொப்பமிட்டவரின் உரிமம் இன்றும் செல்லுபடியாகிறதா, வாரியம் அவர்மீது நடவடிக்கை எடுத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

அடுத்து, உங்களுக்கென்று ஓர் எல்எஸ்ஆர்பி. விற்பவரின் ஆளையே பாதிச் செலவில் பயன்படுத்தலாம் என்று தரகர் சொன்னால் மறுத்துவிடுங்கள். எதிரெதிர் நலன் கொண்ட இருவருக்கு ஒருவரே வேலை செய்வதைச் சட்டம் நிபந்தனையின்றி அனுமதிப்பதில்லை, உங்களுக்கும் அது நல்லதல்ல. பெர்க் போன்ற குளோரின் கரைப்பான்களால் மாசுபட்ட தளங்களிலும் காப்பக உரிமங்களிலும் அவருக்குப் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். டிஇபி விதிப்படியான முதற்கட்ட மதிப்பீடு, நடுக்கடையின் தரைக்கடியில் ஆவி மாதிரி, மண்ணிலும் நிலத்தடி நீரிலும் மாதிரி என்று பணியின் எல்லையை எழுத்தில் வகுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை எல்லையை வகுப்பவர் நீங்கள். தரையைத் துளையிட விற்பவரின் எழுத்து அனுமதி தேவை. அந்த அனுமதிப் பத்திரத்தில், கிடைக்கும் முடிவுகளை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவருடைய வழக்கறிஞர் சேர்க்கப் பார்ப்பார். சட்டப்படி அறிவிக்க வேண்டியவை அதற்கு விலக்கு என்ற வரி இல்லாமல் கையெழுத்திட வேண்டாம். துளையிடவே அவர் மறுத்தால், அதையே விடையாக எடுத்துக்கொண்டு முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

முதற்கட்ட மதிப்பீடு, கள மாதிரி, ஆய்வக முடிவு மூன்றும் 30 நாட்களுக்குள் முடிவது கடினம். ஆகவே விசாரணைக் காலத்தை நீட்டிக்கும் திருத்த ஒப்பந்தத்தை உங்கள் வழக்கறிஞர் இந்த வாரமே அனுப்பட்டும். அதில் இரண்டு வாசகங்கள் இருக்க வேண்டும்: ஆய்வு முடிவு எதுவானாலும் முன்பணம் முழுவதையும் பெற்றுக்கொண்டு விலகும் உரிமை உங்களுக்கு உண்டு, இடம் முழுமைக்கும், காப்பகப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக, ஆர்ஏஓ வழங்கப்பட்ட பிறகே விற்பனை நிறைவேறும். இரண்டாவதை விற்பவர் ஏற்க மறுக்கலாம். முதலாவதை மறுத்தால், மூலக் காலக்கெடு முடிவதற்கு முன் விலகல் கடிதம் ஒப்பந்தம் சொல்லும் முறைப்படி, சொல்லும் முகவரிக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. நான் பார்த்தது சான்றின் இரண்டு பக்கங்கள் மட்டுமே என்பதால், முழு ஒப்பந்தத்தையும் கடன் வரைவையும் உங்கள் வழக்கறிஞரிடம் ஒருசேரக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.